வெப்பமுள் எழாத வண்டி

நவம்பர் 9

இந்தக் குறிப்பில் எழுதப்போவது:

1. வண்டி பெட்ரோலை இப்படிக் குடிப்பது ஏன்.
2. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எழாமல் அடியிலேயே கிடப்பது ஏன்.
3. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. (ஊகம். நிறுவ வேண்டும்.)
4. கோதையின் பிரசவத்துக்குள் வண்டி சரியாகுமா. சரியானாலும் அதை மலைப்பாதையில் ஓட்ட நான் தகுதியானவன்தானா.
5. கோதைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஏதேனும் இருந்தால் அது அவர்கள் விஷயம். இங்கே எழுத வேண்டியதில்லை.

ஐந்தாவதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்தால் பக்கம் அசிங்கமாகும். இருக்கட்டும்.

நிலைமை இது. கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவில் ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன், அதிலும் வெப்பவியல். மனைவி தனலட்சுமி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் பூங்கோதை பெங்களூரில் குடும்பம் நடத்துகிறாள். முப்பத்தாறு வயதில் முதல் கர்ப்பம். போன மாதம் தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினாள். வளைகாப்பு முடித்துப் பெண்ணை நாம் போய் அழைத்துவருவதல்லவா முறை என்று கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்றாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். தாய் இல்லாவிட்டாலும் வீடு இருக்கிறது. இரண்டு பெரிய பெட்டிகள் கொண்டுவந்திருக்கிறாள். இங்கே குளிர் அதிகம், உடுப்பு நிறையத்தான் வேண்டும்.

அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. தலைவலி, முகவீக்கம், கண்முன் பூச்சி பறப்பது, இவற்றில் எது வந்தாலும் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று கோவை டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். கோதையைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து.

டாக்சிகள் சுற்றுலாக்காரர்களோடு போய்விடுகின்றன. மழையில் மண் சரிந்தால் ஆம்புலன்ஸ் எப்போது மேலே வரும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. ஆகவே என் வண்டிதான். கொண்டை ஊசி வளைவொன்றில் அது நின்றுபோவதாக இரண்டு முறை கனவு கண்டேன்.

நவம்பர் 10

வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்தேன்.

நவம்பர் 11

தாள்கள் உலர்ந்தே இருக்கின்றன. ஒழுக்கு இல்லை. நிம்மதி வரவில்லை. ஒழுக்கு இருந்திருந்தால் காரணமாவது தெரிந்திருக்கும்.

நவம்பர் 14

கோவைக்குப் பரிசோதனைக்குப் போய்வந்தோம். புறப்படுமுன் டேங்கை விளிம்புவரை நிரப்பி, திரும்பியதும் அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிட்டேன். முன்பு லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் தந்த வண்டி. இந்த ஒரு பயணத்தில் பதினொன்று வந்தது. ஆனால் போன மாதம் முழுவதற்கும் போட்ட கணக்கில் ஒன்பதுதான். வேறுபாட்டை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கூட்டலில் பிழை இருக்கலாம். நான் பிழை செய்பவன்.

டயர்களில் காற்று சரி. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. ஏற்றத்தில் என் இடது கால் கிளட்ச் மேலேயே இருக்கிறதா என்று கவனிக்கும்படி கோதையிடம் சொல்லியிருந்தேன். அவள் கவனிக்கவில்லை. பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கர்நாடகப் பதிவெண் வண்டி பின்னால் வந்தால் அது முந்திப் போகும்வரை பேச்சை நிறுத்திவிடுகிறாள். வண்டி எண்களைப் படிப்பது அவளுக்குச் சிறுவயதுப் பழக்கம்.

மலையேறும்போது குளிருகிறது என்று ஹீட்டரைப் போட்டாள். குளிர்ந்த காற்று வந்தது. அத்தனை ஏற்றம் ஏறியும் முள் அசையவில்லை. அவள் வலது கைச் சுண்டுவிரல் கோணிக்கொண்டு இருப்பதை இன்றுதான் பார்த்தேன். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாம். மருந்து தடவச் சொன்னேன். பழைய அடி, வலிக்காது என்றாள்.

நவம்பர் 15

இன்று சோதனை செய்தேன். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாய்தான் தடயம். நடுவில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு உண்டு. எஞ்சின் சூடாகும்வரை அது மூடியிருந்து தண்ணீரை உள்ளேயே சுற்றவிடும், சூடானதும் திறக்கும். ஆகவே அந்தக் குழாய் வெகுநேரம் சில்லென்று இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும்.

கோதை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாள். நான் குழாயின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றேன். மின்விசிறி சட்டென்று சுழன்று கையை வெட்டிவிடுமோ என்று பயம். முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்தேன்.

"பிராக்டிகல் எக்ஸாமாங்கப்பா? எனக்கு எத்தன மார்க்?"

"பேசாம மிதி, கண்ணு."

"பேசிக்கிட்டே மிதிச்சா மார்க் கொறையுமா?"

இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

குழாய் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. அப்படியென்றால் கதவு திறந்தே சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. மலைக்குளிரில் எஞ்சின் ஒருபோதும் சூடாவதில்லை. சூடாகாத எஞ்சினுக்குள் இருக்கும் கணினி, இன்னும் விடியற்காலைதான் என்று நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாக விடுகிறது. ஒரு காரணம், இரண்டு விளைவு. மூன்றாவது ஊகம் நிற்கிறது போல் தெரிகிறது. நான் சரியாக இருப்பது எனக்குப் பழக்கமில்லாததால் மறுபடி இரண்டு முறை குழாயைத் தொட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 18

மேட்டுப்பாளையம். மே மாதம் ரேடியேட்டரைப் பழுதுபார்த்த ஆறுச்சாமியின் பட்டறை. வழிநெடுக நான் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருக்கலாம் என்பது என் பணிவான கருத்து, என்று தொடங்குவதாக ஏற்பாடு.

"தெர்மோஸ்டாட்டா? அதக் கழட்டி வீசி ஆறு மாசமாச்சுங்க சார்" என்றார் ஆறுச்சாமி. "நம்மூரு வெயிலுக்கு அதெதுக்குங்க? வெளிநாட்டுக்காரன் பனியில ஓட்டறதுக்கு வெச்சது. அடைச்சுக்கிச்சுன்னா எஞ்சினே போயிரும். என்கிட்ட வர்ற வண்டி எல்லாத்துலயும் கழட்டிருவேனுங்க. அதுக்குன்னு தனியா கூலி கூட வாங்கறதில்ல."

அது பிழை என்பதை வெப்பவியலின் அடிப்படையிலிருந்து தொடங்கி என்னால் ஒரு மணி நேரம் விளக்க முடியும். "அப்படீங்களா, சரிங்க" என்று சொன்னேன்.

கோதைதான் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நாங்க இருக்கறது கோத்தகிரிக்கும் மேல. காலைல தண்ணியில கை வெக்க முடியறதில்ல. எங்களுக்கு அந்த வெளிநாட்டுக்காரன் சாமான்தான் வேணும். மாட்டிக் குடுங்க" என்றாள்.

ஆறுச்சாமி யோசித்தார். "அட, ஆமாங்கல்ல. நான் மேட்டுப்பாளையத்துக்கே வைத்தியம் பாத்துட்டேன்."

சாமான் கோவையிலிருந்து வர வேண்டும். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பும்போது கோதை, என் வயசுக்கு நீங்க யாரையாவது எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குப் பாராட்டாகவும் படவில்லை.

நவம்பர் 21

மாப்பிள்ளை நவநீதன் தொலைபேசியில் அழைத்தார். மகிழ்ச்சியாக இருந்தது. கோதை வந்த நாள் முதலாக அவர் அழைக்கவில்லையே என்று உள்ளூர ஒரு கலக்கம் இருந்தது. மிக மரியாதையாகப் பேசினார். கோதையின் எண் கிடைப்பதில்லை, இங்கே சிக்னல் சரியில்லை போல என்றார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், என்றைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டால் சொல்லாமல் இருப்பது முறையா? நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், இது உங்கள் வீடு என்றும் சொன்னேன்.

சாப்பிடும்போது கோதையிடம், மாப்பிள்ளை விசாரித்தார் என்று மட்டும் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். ரசத்தில் உப்பு கூடிவிட்டது, எனக்கே தெரிந்தது.

நவம்பர் 27

மாட்டியாகிவிட்டது. ஆறுச்சாமி எஞ்சினைக் குளிர்விக்கும் புதுக் கூலண்டும் ஊற்றிக் கொடுத்தார். மலையேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் மேலே போய்ச் சிவப்பைத் தொடுமோ என்று அடுத்த பயம் வந்தது. போகவில்லை.

ஹீட்டரில் சூடான காற்று. கோதை சால்வையை எடுத்துவிட்டுத் தூங்கிப்போனாள். தூக்கத்தில் கோணல் விரலை மற்ற கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 4

லிட்டருக்குப் பத்துதான் வருகிறது. பதினான்கு வந்திருக்க வேண்டும். முள் நடுவில் நிற்கிறது, எஞ்சின் ஒழுங்காக இருக்கிறது, பெட்ரோல் மட்டும் எங்கோ போகிறது.

யாரோ எடுக்கிறார்கள் என்றால் மூடியைத் திறந்த கீறல் இருக்க வேண்டும். இல்லை. இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. எழுதவே கூசுகிறது. நானே எடுத்துக்கொண்டு எங்கோ போய்வந்து மறந்துவிடுகிறேனோ? தூரம் காட்டும் மீட்டர் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் மீட்டரைச் சரியாகப் படித்தேன் என்று யார் சொன்னது? நீரின் ஆவியாதல் வெப்பம், வாயு மாறிலி, தனலட்சுமியின் உடன்பிறந்தார் பெயர்கள் எல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். வந்தன. மூத்த மைத்துனரின் இரண்டாவது பெண் பெயர் வரவில்லை. அது எப்போதுமே வராது.

டிசம்பர் 6

காலை நடைக்குப் போய் வந்தேன். வழக்கமாகக் கடைவரை போய்ச் செய்தித்தாள் வாங்கி வருவேன். இன்று பால் தீர்ந்திருந்தது. மறுபடி நடக்கச் சோம்பலாக இருந்ததால் வண்டியை எடுக்கலாம் என்று சாவியைத் திருப்பினேன்.

முள் எழுந்து நடுவுக்கு வந்தது.

எஞ்சினை நான் இன்னும் ஓடவிடவே இல்லை. நேற்று மாலையிலிருந்து நிற்கும் வண்டி. இறங்கிப் போய் மூடியைத் தூக்கி மேல்குழாயைத் தொட்டேன். சுட்டது. பனி கொட்டும் காலையில், யாரும் தொடாத வண்டியில்.

பால் வாங்கப் போகவில்லை. ஷெட்டின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாதவரை எஞ்சின் எத்தனை நேரம் ஓடினாலும் முள் அடியில்தான் கிடந்திருக்கும். எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இது எத்தனை நாளாக நடக்கிறது?

கோதை அடுப்படியில் இருந்தாள். கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று இருந்தது.

டிசம்பர் 7

பக்கத்து வீட்டு ரோஸலின் அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் அடுப்படிச் சுவரும் எங்கள் ஷெட்டும் ஒட்டியவை. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"நீங்க வாக்கிங் கெளம்பினதும் வண்டி ஸ்டார்ட் ஆவுமே சார். எங்கயும் போவாது. நின்ன எடத்துலயே உறுமிக்கிட்டு இருக்கும். நீங்க வர்றதுக்குள்ள நிக்கும்." பிறகு, நான் கேட்காமலேயே, "கோதைப் பாப்பா அழுவுற சத்தம் அதுக்குள்ள எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிருக்கு" என்றார்.

டிசம்பர் 8

நடைக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பினேன். மறைந்து பார்ப்பது கேவலம் என்று தோன்றியது. நேராகவே போனேன். என்னை நகர்த்தியது உண்மையில் வேறொரு பயம்: ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடினால் புகை நஞ்சு. முன்பக்கம் திறந்த ஷெட்தான், ஆனாலும் வயிற்றில் குழந்தை இருக்கிறது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். எஞ்சின் இரைச்சலில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. என் நிழல் அவள் மேல் விழுந்தது. கண்ணாடியில் விரலால் தட்டினேன்.

தொலைபேசி நழுவியது. அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு இருக்கைக்குள் குனிந்தாள். முழங்கைகள் வயிற்றுக்கு முன்னால் வந்து நின்றன. எத்தனையோ முறை பழகிய அசைவு. யோசித்துச் செய்தது அல்ல.

 தட்டிய கையை நான் இறக்கக்கூட இல்லை. சற்று நேரம் கழித்து அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, எஞ்சினை நிறுத்தினாள்.

"நீங்களாப்பா" என்றாள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லவில்லை, சொன்னதையும் நான் எல்லாம் எழுதப்போவதில்லை. விரல் கதவிடுக்கில் மாட்டியது உண்மை. கதவைச் சாத்தியது அவள் அல்ல. கர்ப்பம் தெரிந்த பிறகு நின்றுவிடும் என்று நினைத்தாளாம். நிற்கவில்லை. பெட்டிகளில் இருப்பவை உடுப்புகள் மட்டும் அல்ல. அவளுடைய சான்றிதழ்களும் இருக்கின்றன. காலையில் பேசுவது கோவையில் ஜெயசுதா என்ற வக்கீலிடம். சில நாள் அவரிடம் பேசிய பிறகு வேறு யாரிடமும் பேசாமல் சும்மா உட்கார்ந்திருப்பாளாம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"சொன்னா நீங்க பயந்துருவீங்க. ரெண்டு பேரும் பயந்துட்டா யாருப்பா சோறாக்கறது?"

அப்போது நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நவம்பரில் மாப்பிள்ளை பேசியபோது ஆஸ்பத்திரி, டாக்டர், நாள் எல்லாவற்றையும் நானே கொடுத்துவிட்டதை. இது உங்கள் வீடு என்றதை.

அவள் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். பகல் வேளையில் அந்தக் கதவை நாங்கள் தாழிட்டதே இல்லை.

மூன்றாவது ஊகம் உடைந்தது. காரணம் ஒன்று அல்ல, இரண்டு. முதலாவதைச் சரிசெய்யாதிருந்தால் இரண்டாவது எனக்குத் தெரிந்தே இருக்காது.

டிசம்பர் 9

மாப்பிள்ளை மறுபடி அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வருகிறாராம். கோதையைப் பெங்களூருக்கு அழைத்துப்போய் அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப்போகிறாராம். "உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வயசுல சிரமம்" என்றார்.

வேண்டாம் என்ற சொல் என் வாயில் இருந்தது. "சரிங்க மாப்பிள்ளை" என்று சொன்னேன்.

கோதை அருகில்தான் நின்றாள்.

டிசம்பர் 11

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் மூன்று விதமாக எழுதினேன். அ) இப்போது அவளுக்குப் பயணம் கூடாது. ஆ) டாக்டர் அனுமதித்த பிறகு பேசலாம். இ) அவள் உங்களோடு வரமாட்டாள். முதல் இரண்டும் தப்பித்தல். மூன்றாவதை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். வீட்டில் சொன்னால் கோதைக்குக் கேட்கும். ஷெட்டுக்குப் போய், கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நன்றாகச் சொல்வதாகத் தோன்றியது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னேன். வாக்கியம் பாதியில் நின்றது.

முள் நடுவில் நின்றது. இந்த வாரக் கணக்கும் கெட்டுவிட்டது.

டிசம்பர் 14, கோவை

நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். 

காலையில் எழுந்தபோதே கோதைக்குத் தலை பிளக்கும் வலி. முகம் உப்பியிருந்தது. கண்முன் பூச்சி பறக்கிறது என்று அவள் சொன்னதும் டாக்டரம்மாவை அழைத்தேன். உடனே கிளம்புங்கள் என்றார். அவளைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து, வண்டியை ஓடவிட்டு, கேட்டைத் திறந்துவைத்துவிட்டு, வீட்டைப் பூட்டப் போனேன். திரும்பி வந்தால் கேட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வண்டி. கர்நாடகப் பதிவெண். ஞாயிறு என்று சொன்னவர் சனிக்கிழமையே வந்திருந்தார். அம்மாவும் உடன் இல்லை.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க? அதான் நான் வந்துட்டேனே."

தலைவலி, அழுத்தம், டாக்டர் என்று கோர்வையில்லாமல் சொன்னேன். புன்னகையோடு கேட்டுக்கொண்டார். "நானே கூட்டிட்டுப் போறேன். பெங்களூர்ல எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். ஏறச் சொல்லுங்க."

பெங்களூர் போய்ச்சேர ஒரு பகல் ஆகும். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். நான் பழகிய வாக்கியம் வரவில்லை. முதல் சொல்கூட வரவில்லை.

அவர் எங்கள் வண்டிக்கு அருகே போய், மோதிரத்தால் பின்கண்ணாடியைத் தட்டினார். மென்மையாகத்தான் தட்டினார். "கோதை, கண்ணாடிய எறக்கு." குரலும் மென்மைதான். கோதை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

நான் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எல்லாக் கதவுகளையும் பூட்டினேன். பின்னோக்கி ஓட்டுவது எனக்கு எப்போதும் பயம். இந்த வண்டியில் நான் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. ரிவர்ஸ் போட்டேன்.

"மாமா, பின்னாடி என் வண்டி நிக்குது" என்று நவநீதன் சிரித்தார்.

கண்ணாடியில் தெரிந்தது. கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி ஊர்ந்து போய் அவருடைய கதவில் முட்டியது. எங்கள் பின்விளக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. காலை எடுக்கவில்லை. இரும்பு இரும்பை அமுக்கும் சத்தம் கேட்டது. அப்போதும் எடுக்கவில்லை. என் தைரியத்தால் அல்ல என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் எடுப்பது என்று காலுக்குத் தெரியவில்லை. அவர் கத்தினார். அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டேன். கோதை எட்டு வருடம் கேட்ட குரல்.

மதிலுக்கு மேலே ரோஸலின் அம்மா செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாம் பதிவாவுது தம்பி. அந்தம்மாவுக்குப் பிரஷர் ஏறிக் கெடக்கு. வண்டிய எடுங்க" என்றார். நவநீதன் ரோஸலின் அம்மாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஓடிப்போய்த் தன் வண்டியை நகர்த்தினார்.

மலைப்பாதை முழுவதும் மூடுபனி. முதல் வளைவு தாண்டியதும் கண்ணாடியில் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. நான் வேகம் குறைத்தால் அவையும் குறைந்தன.

"பின்னாடி வர்றாராப்பா?"

"இல்ல கண்ணு."

"பொய் சொல்லாதீங்க. பயப்படாம ஓட்டுங்க."

"பயந்துக்கிட்டேதான் ஓட்டறேன்" என்றேன். "பயத்தோட ஓட்டத்தான் எனக்கு வரும்."

 பின்னிருக்கையிலிருந்து அவள் கை நீண்டு வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. சிறு பிள்ளையில் ஸ்கூட்டரில் அப்படிப் பிடிப்பாள் என்று எழுத நினைத்தேன், அது உண்மையல்ல. அப்போது தாயைத்தான் பிடித்துக்கொள்வாள். என்னை நேற்றுதான் பிடித்தாள்.

ஒரே ஒரு முறை முள்ளைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. அருகில் கறுப்புப் பையோடு ஒரு பெண். வக்கீல் ஜெயசுதா என்று பிறகு தெரிந்தது; கிளம்புமுன்பே கோதை அவருக்குச் சொல்லியிருந்தாளாம். கோதையை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். அறுவை அறைக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வராந்தாவின் முனையில் நவநீதன் வந்தார்.

"நகருங்க மாமா. நான் புருஷன்."

நாற்காலி கதவை மறித்தாற்போல் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. 

"வேண்டாம். அவ உங்ககூட வரமாட்டா. போங்க."

குரல் கீச்சென்று வந்தது. ஷெட்டில் பழகியதுபோல் வரவில்லை. ஆனால் வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஜெயசுதா காவலாளியோடு வந்து என் பக்கத்தில் நின்றார். நவநீதன் என்னையும் காவலாளியையும் பார்த்தார். அப்புறம் படியிறங்கிப் போனார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் குறைவு. கோதையின் அழுத்தம் இரவு முழுவதும் இறங்கவில்லை.

டிசம்பர் 16, கோவை

அழுத்தம் இறங்கியிருக்கிறது. இன்று கஞ்சி குடித்தாள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கைவிரல்கள் எல்லாம் நேராக இருக்கின்றன. நர்ஸ் சிரிக்கும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வெள்ளை வண்டி நேற்று மாலைவரை எதிர்ச்சாரியில் நின்றது. இன்று காணவில்லை. போய்விட்டதா, வேறு இடத்தில் நிற்கிறதா என்று தெரியாது. ஜன்னலுக்குப் போகிறேன், வருகிறேன். போலீஸில் கொடுக்கும் புகாரில் நீங்கள் பார்த்ததையும் சொல்வீர்களா என்று ஜெயசுதா கேட்டார். நவநீதன் மறுபடி வருவார், எங்கள் வீட்டு வழி அவருக்குத் தெரியும், நீதிமன்றத்தில் நின்று பேச எனக்கு வராது. இதையெல்லாம் ஜெயசுதாவிடமே சொன்னேன். கடைசியில் சொல்வேன் என்றும் சொன்னேன்.

கோதை தூங்குகிறாள். முதல் நாள் எழுதிய ஐந்தையும் சரிபார்க்கலாம் என்று அந்தப் பக்கத்தை எடுத்தேன். முதல் இரண்டுக்கும் விடை கிடைத்தது. மூன்றாவது உடைந்ததை முன்பே எழுதியிருக்கிறேன். நான்காவதில் என்னைப் பற்றிய பகுதிக்கு இன்னும் விடை தெரியாது.

ஐந்தாவதில் அது அவர்கள் விஷயம் என்று எழுதியிருக்கிறேன். தவறு.